புகார் கொடுத்தால் போதாது, நகலும் கையில் வேண்டும்

கணவன் வீட்டில் அடிபட்ட ஒரு பெண் காவல் நிலையப் படியேறுகிறாள் என்றால், அதற்கு முன் அவள் எவ்வளவு பொறுத்திருப்பாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அப்படிப் போய்வந்த பலரிடம் "புகாரின் நகல் எங்கே?" என்று கேட்டால் கையில் எதுவும் இருப்பதில்லை. "எழுதிக் கொடுத்தோம், கூப்பிட்டு விசாரிக்கிறோம் என்றார்கள்" என்பதே பதில். பிறகு ஜீவனாம்சம் கேட்டோ, ஃபஸ்கு கோரியோ நீதிமன்றம் போகும்போது, நடந்ததைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

"குடும்ப விஷயத்தை வெளியில் கொண்டுபோகலாமா, அது புறம் பேசுவதாகாதா?" என்று சில சகோதரிகள் தயங்குகிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவர், நீதி வழங்கும் பொறுப்பில் உள்ளவரிடம் முறையிடுவது புறம் பேசுவதில் சேராது என்பது மார்க்க அறிஞர்களின் தெளிவான கருத்து. கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) தம் கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே வந்து முறையிட்டார். அந்த முறையீட்டை அல்லாஹ் செவியுற்றதைச் சொல்லித்தான் அல்முஜாதலா அத்தியாயம் தொடங்குகிறது. கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. உடலும் உயிரும் சம்பந்தப்பட்டதை எழுத்தில் வைப்பதில் என்ன தவறு?

எந்தெந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும்?

முதலாவது, புகார் பெற்றதற்கான ரசீது. குடும்பத் தகராறுகளில் வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை நடத்த உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டு லலிதா குமாரி தீர்ப்பு இடமளிக்கிறது. அந்த இடைவெளியில் உங்களுக்குச் சாட்சி இந்த ரசீதுதான்.

இரண்டாவது, முதல் தகவல் அறிக்கையின் நகல். கணவனும் அவன் உறவினர்களும் செய்யும் கொடுமை, பாரதிய நியாய சன்ஹிதா 85ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. புகார் கொடுத்தது தகப்பனாராக இருந்தாலும், பாதிக்கப்பட்ட பெண்ணும் கேட்டு வாங்கலாம். வாய்மொழியாகச் சொன்னால் அதிகாரி எழுதி, படித்துக் காட்ட வேண்டும். காயம், தேதி, வரதட்சணையாகக் கேட்ட தொகை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

மூன்றாவது, குடும்ப நிகழ்வு அறிக்கை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அதிகாரி இதைத் தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். இதற்கு முதல் தகவல் அறிக்கை இருந்தாக வேண்டும் என்பதில்லை. கணவனைச் சிறைக்கு அனுப்ப மனமில்லாத பெண்ணும் இந்த வழியில் பாதுகாப்பு உத்தரவு, வசிக்கும் உரிமை, செலவுத் தொகை ஆகியவற்றைக் கேட்கலாம்.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வில்லியனூரிலிருந்து திருவாண்டார்கோயில் வருவதற்குள் பேருந்து தமிழ்நாட்டின் கண்டமங்கலத்தைக் கடந்துவிடுகிறது. சம்பந்தமும் விழுப்புரம், கடலூர் என்று எல்லை தாண்டித்தான் நடக்கிறது. "சம்பவம் அங்கே நடந்தது, அங்கே போ" என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். எந்த எல்லையில் நடந்தாலும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே சட்டம். அதோடு, கொடுமையால் வெளியேறிய பெண் தஞ்சமடைந்த ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது.

புகாரை வாங்க மறுத்தால், அதை எழுதிக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பி, அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதிலும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணையம் இலவசமாக வழக்கறிஞர் தரும். அதற்கு 15100, பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112 ஆகிய எண்களை அழையுங்கள். வாங்கிய நகலைக் கணவன் வீட்டில் வைக்காமல் நம்பிக்கையானவரிடம் ஒப்படையுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. சமரசம் பேசுவது நல்ல அமல். ஆனால் "புகாரை வாபஸ் வாங்கிவிட்டு வா, பிறகு பேசலாம்" என்று அடிபட்டவளிடம் நிபந்தனை வைப்பது சமரசம் ஆகாது. அவளிடம் இருக்கும் ஒரே ஆதாரத்தையும் பறிப்பதாகும். அவள் கையில் நகல் இருக்கும்போதும் பேசலாம். அப்போதுதான் இரு தரப்பும் சமமாக உட்கார்ந்து பேச முடியும். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தில் கொடுமையும் ஒரு காரணம். சமரசம் முறிந்து அவள் ஃபஸ்குக்குப் போக நேர்ந்தால் அந்த நகல் அங்கேயும் பேசும்.

உறவினருக்கு எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான். அதன்படி நடக்க அவனே நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.