பெஞ்சுக்குப் பின்னால் நிற்கிறவர்

டீ ஆறுவதற்குள் பேசி முடித்துவிடக்கூடிய விஷயம்தான். 2017 மார்ச்சில் பாங்காக்கில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பைப் போட்டியில் இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றது. சர்வதேச அரங்கில் அந்த அணிக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். அதற்கு முந்தைய ஆண்டு முதன்முறையாகத் தைபேயில் ஆடப் போனபோது பொதுமக்களிடம் நன்கொடை திரட்டித்தான் விமானம் ஏறினார்கள். இப்படிப்பட்ட ஓர் அணியை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிற பயிற்சியாளருக்கு, ஆட்டம் தொடங்கிய பிறகு என்னதான் வேலை?

கிரிக்கெட்டில் பயிற்சியாளர் பெவிலியனில் உட்கார்ந்திருப்பார். களத்தில் முடிவெல்லாம் கேப்டன் கையில். கால்பந்தில் கோட்டோரம் நின்று கத்தலாம், ஆனால் மாற்று ஆட்களை இறக்க ஓர் அளவு உண்டு. ஐஸ் ஹாக்கியில் அந்த அளவே கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். விசில் ஊதக் காத்திருக்கவும் வேண்டாம். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம்.

காரணம் உடம்புதான். தளத்தில் ஓர் அணிக்குக் கோலியோடு சேர்த்து ஆறு பேர். கோலியைத் தவிர மற்ற ஐவரும் முழு வேகத்தில் சறுக்கினால் முக்கால் நிமிடத்துக்கு மேல் தாங்காது. தொடை கனத்துப்போகும், குனிந்த முதுகு தானாக நிமிர்ந்துவிடும். முதுகு நிமிர்ந்தால் வேகம் போயிற்று என்று அர்த்தம். அதனால் 40, 45 நொடிக்கு ஒருமுறை ஆட்களை வெளியே எடுத்துப் புதியவர்களை இறக்குவார்கள். இதற்கு ஷிஃப்ட் என்று பெயர். முன்கள ஆட்டக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்தது ஒரு லைன். தற்காப்புக்காரர்கள் ஜோடி ஜோடியாக வருவார்கள். ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. கணக்குப் போட்டுப் பாருங்கள், எண்பது முறையாவது ஆள் மாற வேண்டியிருக்கும்.

இப்போது பெஞ்சைக் கிட்டத்தில் பார்ப்போம். பயிற்சியாளர் பின்னால் நின்று அடுத்த லைனின் தோளைத் தட்டுகிறார். அவர்கள் எழுந்து, தடுப்புப் பலகை மேல் ஒரு காலைப் போட்டபடி காத்திருக்கிறார்கள். தளத்தில் இருப்பவர் பெஞ்சை நெருங்கியதும் இவர் குதிக்க வேண்டும். அவசரப்பட்டு முந்திக் குதித்தால், ஆள் கூடுதல் என்று இரண்டு நிமிடப் பெனால்டி. ஐந்து பேரை நால்வர் சமாளிக்க வேண்டும். தாமதித்தால் எதிரணி அந்த இடைவெளியில் புகுந்துவிடும்.

எப்போது மாற்றுவது என்பது இன்னும் நுட்பம். பக் எனப்படும் ஆட்ட வட்டு எதிரணியின் மூலையில் கிடக்கும்போது மாற்றுவதுதான் பத்திரம். இரண்டாம் பகுதியில் அணிகள் பக்கம் மாறும், பெஞ்ச் மட்டும் இடம் மாறாது. அதனால் நம் கோலுக்கும் பெஞ்சுக்கும் தூரம் கூடிவிடும். தற்காப்பில் மாட்டிக்கொண்டவர்கள் மூச்சு வாங்கினாலும் வெளியே வர வழியில்லை. தப்பிக்க நினைத்து, தங்கள் பாதித் தளத்திலிருந்தே பக்கை எதிர்க் கோடிக்கு அடித்துவிட்டால் ஐசிங் என்று நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். அப்படி அடித்த அணி ஆளை மாற்றக் கூடாது. களைத்த அதே ஐவர் மறுபடியும் தங்கள் கோல் முன்னால் நிற்க வேண்டும். கோல் விழும் ஆபத்து இந்த மாதிரி நேரத்தில் அதிகம்.

லடாக் பெண்கள் நிறைந்த இந்த அணிக்கு ஆள் மாற்றம் ஏன் கூடுதல் சிரமம்? லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆடுவதற்கு ஏற்ற அளவுக்குக் குளங்கள் உறைந்திருப்பது ஆண்டில் இரண்டு மாதம்போல. அந்த ஐஸில் சறுக்கக் கற்றுக்கொள்ளலாம், பக்கைக் கடத்தக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் முழு அளவுத் தளமும், சுற்றிலும் பலகையும் கண்ணாடியும், பெஞ்சும் அதன் கதவும் இருந்தால்தான் ஆள் மாற்றத்தைப் பழக முடியும். மனசும் ஒன்று இருக்கிறதே! பத்து மாதம் ஐஸுக்காகக் காத்திருந்து இறங்கிய பெண்ணிடம், நாற்பது நொடியில் வெளியே வந்துவிடு என்றால் அவ்வளவு சுலபமாகக் கேட்டுவிடுவாளா? அங்கிருந்து பாங்காக்குக்கு இறங்கினால் மூச்சு தாராளமாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். அதற்காகத் தொடை கனக்காமல் இருந்துவிடாது.

போட்டித்தொடர் என்றால் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கு ஓர் ஆட்டம், பெரும்பாலும் நாளைக்கே இன்னொன்று. கெட்டிக்காரர்கள் ஐந்தாறு பேரை மட்டுமே மாற்றி மாற்றி இறக்கினால் இன்றைய ஆட்டத்தை ஒப்பேற்றிவிடலாம். நாளைக்கு அவர்கள் கால் எழும்பாது. மூன்றாவது லைனை நம்பி இறக்கினால் இன்றைக்கே ஒரு கோல் போகலாம். கடைசி நிமிடத்தில் ஒரு கோல் முன்னிலை என்றால் சோதனை இன்னும் கடுமை. எதிரணி கோலியை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளாகத் தாக்குபவரை இறக்கும். அந்த நேரத்துக்கென்று களைக்காத ஐவரை மிச்சம் வைத்திருக்கிறாரா என்பதில்தான் பயிற்சியாளரின் சாமர்த்தியம் தெரியும். அணிக்கு ஓர் ஆட்டத்தில் கிடைப்பது 30 நொடி டைம் அவுட் ஒன்றே ஒன்று. அதையும் முன்பே செலவழித்திருந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்திய அணி வெண்கலம் வாங்கியது. குளத்து ஐஸில் தொடங்கிய அணிக்கு அது பெரிய தூரம். அதற்கு மேலே போக உற்சாகப் பேச்சும் வெளிநாட்டுப் பயிற்சியாளரும் மட்டும் போதாது. ஆண்டு முழுவதும் ஆடக் கூடிய செயற்கைத் தளங்கள் வேண்டும். பெஞ்சிலிருந்து குதிப்பதைக்கூட அங்கேதான் பழக முடியும்.