வெங்காய சூப்பும் எம்மவர் கைகளும்

பாரிஸ் மாநகரின் உணவகங்களில் பிரெஞ்சுக்காரரின் பெருமைக்குரிய உணவுகளில் ஒன்றாகப் பரிமாறப்படும் வெங்காய சூப்பை, சமையற்கூடத்தின் உட்புறத்தில் நின்று ஆக்குபவர்களில் எம்மவரும் பலர் என்பது வாசகர் அறிந்ததே. ஆயினும் அதே சூப்பைத் தம் வீட்டில் ஆக்கி, மனைவி மக்களுடன் மேசையில் இருந்து அருந்தியவர் எத்தனை பேர் என்று கேட்டால் விடை கூறத் தயங்க வேண்டியிருக்கும். கடந்த மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கிரின்ஸ்டெட்டில் எமது அயலவர் வீட்டில் இக்கேள்வி எதிர்பாராத வகையில் எழுந்தது.

கிரின்ஸ்டெட் யூலாந்துக் குடாநாட்டின் நடுப்பகுதியில், மணற்பாங்கான நிலத்தில் அமைந்த சிறு பட்டினம். 2007ஆம் ஆண்டு முதல் பில்லுண்ட் நகரசபைக்குள் அடங்கியிருப்பது. மார்கழியில் பிற்பகல் நான்கு மணிக்கே இருள் கவிந்துவிடும். அன்று அயலவரின் பேத்தி, பாடசாலையில் சமையற் பாடத்துக்காக வேற்று நாட்டு உணவொன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று கூறிக்கொண்டு வந்தாள். அவள் தெரிந்திருந்தது பிரெஞ்சு வெங்காய சூப். பாரிஸிலிருந்து விருந்தினராக வந்திருந்த அயலவரின் தம்பியாரை அனைவரும் திரும்பிப் பார்த்தோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பாரிஸ் உணவகங்களிலே உழைத்தவர் அவர். ‘புளோஞ்’ என்று எம்மவர் சொல்லும் பாத்திரம் கழுவும் வேலையில் தொடங்கி, காய்கறி வெட்டும் மேசைக்கு உயர்ந்து, ஈற்றில் அடுப்படிக்கு வந்து சேர்ந்தவர்.

“வெட்டின வெங்காயத்துக்குக் கணக்கில்லைத் தம்பி. ஆனா ஒருநாளும் கதிரையில இருந்து குடிச்சதில்லை” என்றார்.

இதைக் கேட்ட பேத்தி அவரை விடவில்லை. “அப்ப இண்டைக்குக் குடியுங்கோ, சின்னத் தாத்தா” என்று அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துச் சென்றாள். நாமும் கத்தியொன்றை எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்தோம்.

இச்சூப்பைப் பற்றிப் பிரான்சில் வழங்கும் கதையொன்று அகதிகளாகிய எமக்குச் சுவையானது. ஸ்தனிஸ்லாஸ் லெஸ்சின்ஸ்கி போலந்தின் அரசுக் கட்டிலை இரு முறை இழந்து, பிரான்சிலே அடைக்கலம் பெற்ற மன்னர். அவருடைய மகள் 1725இல் பதினைந்தாம் லூயி மன்னனை மணந்தாள். லொறேன் மாநிலத்தின் கோமகனாக வாழ்ந்த அவர், மகளைக் காண வெர்சாய்க்குப் பயணம் செய்கையில் ஷாலோன் என்ற ஊரின் விடுதியில் தங்கினாராம். அங்கு கொடுத்த வெங்காய சூப்பின் சுவையில் மயங்கி, அதைச் செய்யக் கற்காமல் புறப்படுவதில்லை என்று அடம்பிடித்து, இரவு அங்கியுடனேயே அடுக்களைக்குள் இறங்கி, வெங்காய நெடியில் கண்ணீர் வடிய வடியக் கற்றுக்கொண்டாராம். 1873இல் வெளிவந்த அலெக்சாந்தர் டூமாவின் சமையற் பேரகராதியில் இக்கதை வருகிறது. டூமா கதை புனைவதில் வல்லவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. எனினும், நாடிழந்த அரசன் ஒருவன் அந்நிய நாட்டு அடுக்களையில் வெங்காயம் வெட்டிக் கண்ணீர் சிந்திய காட்சி, பாரிஸில் எம்மவர் நாள்தோறும் கண்ட காட்சிதான்.

அரசரின் கதையைக் காட்டிலும் உறுதியானது சந்தையின் வரலாறு. பாரிஸின் நடுவே இருந்த லே ஆல் என்ற பெருஞ்சந்தையில் இரவிரவாக மூட்டை சுமந்த தொழிலாளர், விடியுமுன் குளிருக்கு இதமாக அருந்திய உணவு இது. 1969இல் அச்சந்தை நகருக்கு வெளியே ருஞ்சிஸ் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டது. சூப் மட்டும் பழைய இடத்து உணவகங்களில் தங்கிவிட்டது. ஏழையின் வயிற்றை நிரப்பியது இன்று வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு வருகிறது.

செய்முறைக்கு வருவோம். நான்கு பேருக்கு ஒரு கிலோ வெங்காயம் வேண்டும். ஊரில் நாம் ‘பம்பாய் வெங்காயம்’ என்று சொன்ன பெரிய வெங்காயமே பொருத்தமானது. இங்கே எந்தக் கடையிலும் மஞ்சட் தோலுடன் கிடைக்கும், விலையும் மலிவு. சின்ன வெங்காயத்தில் செய்யலாமா என்று நாம் கேட்டோம். செய்யலாம், ஆனால் ஒரு கிலோவை உரித்து முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும் என்று பதில் வந்தது. உரித்த வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து, வேரிலிருந்து நுனி நோக்கி நீளவாக்கில் மெல்லியதாக வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் நீண்ட நேரம் வேகும்போது இழை கரைந்து களியாகிவிடும்.

அவர் கத்தி பிடித்த விதத்தை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். இடக்கை விரல்கள் உள்மடிந்து, கத்தி அவற்றின் மொழியை உரசியபடி இறங்கியது. எம் கண்கள் கலங்கின. அவர் கண்கள் கலங்கவில்லை. வெங்காயத்தை வெட்டுகையில் அதன் உயிரணுக்கள் உடைந்து, பிரிந்திருந்த பொருட்கள் ஒன்று சேர்ந்து கண்ணை எரிக்கும் வாயுவாக மாறுகின்றன. இதற்கெனத் தனியானதொரு நொதியம் உண்டென்பதை ஜப்பானிய ஆய்வாளர் 2002இல் கண்டறிந்தனர். கூரான கத்தி உயிரணுக்களைக் குறைவாக நசுக்கும். குளிரூட்டியில் அரை மணி நேரம் வைத்தெடுத்த வெங்காயம் வாயுவைக் குறைவாக வெளிவிடும். “கூரில்லாத கத்திதான் அழவைக்கும்” என்று அவர் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வெட்டிக்கொண்டிருக்கையிலேயே பேச்சு ஊருக்குத் திரும்பிற்று. இச்சகோதரர்களின் தந்தையார் நீர்வேலியில் செம்மண் தோட்டத்தில் வெங்காயம் வைத்தவர். 1970 முதல் 1977 வரை, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில், வெங்காயமும் மிளகாயும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குப் பொன்னாக விளைந்தன. கல்வீடுகள் எழுந்தன; நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. 1977இல் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் என்று இறக்குமதிக்கு வாசலைத் திறந்ததும் விலை சரிந்தது. பின்னர் போரும், 1990க்குப் பிந்திய எரிபொருட் தடையும் எஞ்சியதைப் பார்த்துக்கொண்டன. வெங்காயம் விளைவித்தவரின் மகன் பாரிஸில் அந்நியர் விளைவித்த வெங்காயத்தை வெட்டிக் கூலி பெற்றார். அக்கூலியில் ஊரிலே இரு சகோதரிகளின் திருமணங்கள் நடந்தேறின. இதை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை.

அடிகனத்த சட்டியில் 60 கிராம் பட்டரும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் விட்டு உருக்க வேண்டும்.  வெங்காயம் முழுவதையும் கொட்டி, ஒரு தேக்கரண்டி உப்பிட்டுக் கிளறி, மூடியிட்டு மெல்லிய தணலில் கால் மணி நேரம் விட வேண்டும். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர். உப்பு அந்நீரை வெளியே இழுக்கும். மலைபோற் குவிந்திருந்தது தானாகவே அமிழ்ந்து போகும். பின்னர் மூடியை எடுத்துவிட்டு, சில நிமிடங்களுக்கொருமுறை அகப்பையால் அடிவரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும். பத்து நிமிடத்தில் வெங்காயம் பொன்னிறமாகும் என்று எழுதுகிற சமையற் புத்தகங்களை நாம் கண்டிருக்கிறோம். அவற்றை எழுதியோர் அடுப்புக்கு அருகில் நின்றிருக்க மாட்டார்கள்.

இந்நேரத்தில் நடப்பது வெறும் வதங்கல் மட்டுமன்று. நீர் வற்றிய பின்னர் வெங்காயத்தின் சர்க்கரையும் புரதக் கூறுகளும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணங்களையும் பிறப்பிக்கின்றன. லூயி-காமில் மையார் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1912இல் விளக்கிய வினை இது. எமது கறிக்கு வெங்காயம் தாளிக்கையிலும் இதே வினைதான் நிகழ்கிறது; ஆனால் நாம் அவசரக்காரர், பாதியிலே தூளைக் கொட்டிவிடுகிறோம். சிலர் சீனி சேர்த்து நிறத்தை விரைவுபடுத்துவர். அப்பச்சோடா இடுவோரும் உளர். அது நிறத்தைத் தரும், வெங்காயத்தைக் கூழாக்கிவிடும். எமக்கு இரண்டும் உடன்பாடில்லை.

அக்கா, அதாவது அயலவரின் துணைவியார், இதுவரை ஒரு பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், வெங்காயம் பொன்னிறம் ஏறியதும் சிரித்தார். “நான் வந்த அண்டைக்கு இவர் எனக்குத் தந்தது இதுதான். பாணும், பொரிச்ச வெங்காயமும், முட்டையும். வேறொண்டும் சமைக்கத் தெரியாது” என்றார். டென்மார்க்கில் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்கள் 1987 முதல் 1989 வரை சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடப்பட்டிருந்தமை வாசகர் பலர் நேரில் அனுபவித்தது. ‘தமிழர் வழக்கு’ என்று டெனிஸ் மக்கள் இன்றும் சொல்லும் அவ்விவகாரத்தின் விசாரணை அறிக்கை வெளிவந்தபோது, 1993 ஜனவரியில் போல் ஷ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலகியது. அரசியல் வரலாற்றில் அது அவ்வாறு பதிவாகியுள்ளது. அந்த ஆண்டுகளில் தனித்திருந்த ஆண்கள் மாலை வேளைகளில் என்ன உண்டார்கள் என்பதை எவரும் பதியவில்லை. மலிவாகக் கிடைத்ததும், ஊரின் மணத்தை ஓரளவேனும் தந்ததும் வெங்காயம்தான் என்று அயலவர் சொன்னார். பிறகு அவர் எழுந்து சென்று பாணை வெட்டத் தொடங்கினார்.

வெங்காயம் கறுவாப்பட்டையின் நிறத்துக்கு வந்ததும் இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைத் தூவி, இரண்டு நிமிடம் கிளறிப் பச்சை வாசனை போக்க வேண்டும். அடுத்து 150 மில்லிலீற்றர் வெள்ளை வைன் விட்டு, சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டிக் கரைப்பது மரபு. சூப்பின் ருசி அந்த அடிப்பிடிப்பிலேயே இருக்கிறது. வைன் கொதித்தால் மதுச்சாரம் முழுவதும் ஆவியாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். ஒரு பங்கு எஞ்சியே இருக்கும். ஆதலால் அதைத் தவிர்ப்போர் அப்பிள் வினாகிரி ஒரு மேசைக்கரண்டியை நீரிற் கலந்து விடலாம். நாம் அன்று செய்தது அதுவே.

மரபுப்படி இதன் பின்னர் விடுவது மாட்டெலும்பு அவித்த சாறு. வெள்ளிக்கிழமை, சைவ வீடு, அப்பேச்சுக்கே இடமில்லை. “மாட்டெலும்பு இல்லாட்டி அது அந்தச் சூப்பே இல்லை” என்று தம்பியார் முதலில் முறைத்தார். அக்கா அசையவில்லை. இங்குள்ள கடைகளில் கரட், லீக்ஸ், செலரிக் கிழங்கு ஆகியவற்றைச் சூப்புக்கென ஒரே பொதியாக விற்பார்கள். அவற்றைத் துண்டமாக்கி, காளானும் சேர்த்து, வெதுப்பியில் நிறம் மாறும்வரை வாட்டி, இரண்டு லீற்றர் நீரில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்தோம். ஒன்றரை லீற்றர் சாறு கிடைத்தது. ஒரு தேக்கரண்டி சோயா சோஸ் சேர்த்ததும் நிறமும் ஆழமும் வந்தன. சுவைத்துப் பார்த்த தம்பியார் எதுவும் பேசாமல் சட்டியில் ஊற்றினார். மாமிசம் உண்போர் கோழிச் சாற்றையும் பாவிக்கலாம்.

சாறு விட்ட சட்டியில் தைம் இலைக் கொத்தும் ஒரு லோரல் இலையும் போட்டு அரை மணி நேரம் மெதுவாகக் கொதிக்க வேண்டும். இந்தியக் கடைகளில் கிடைக்கும் பிரியாணி இலை இதற்கு மாற்றாகாது. அது கறுவா இனத்து மரத்தின் இலை, மணமும் வேறு.

மேலே இடும் சீஸில் இன்னொரு சிக்கல் எழுந்தது. பிரெஞ்சுக்காரர் இடுவது கிறுயேர் அல்லது கொம்தே. கிறுயேர் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் ஆக்கப்படுவது. சுத்த சைவர் பலருக்கு இது தெரியாது. சீஸ் என்றால் பால்தானே என்று எண்ணிவிடுகின்றனர். அக்கா பொதியிலிருந்த சிறிய எழுத்துக்களைக் கண்ணாடியணிந்து வாசித்து, நுண்ணுயிர் உறைபொருள் என்று குறித்திருந்த டெனிஸ் சீஸ் ஒன்றையே அனுமதித்தார். 200 கிராம் துருவினோம். உருகி இழுபடுவதில் அது குறை வைக்கவில்லை. கிறுயேரின் கொட்டை மணம் அதில் இல்லை என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

பாணுக்குக் கஷ்டமில்லை. வெள்ளைக் கோதுமைப் பாணுக்கு டெனிஸ் மொழியில் வழங்கும் பெயரே ‘பிரெஞ்சுப் பாண்’ என்று பொருள்படுவது. முதல் நாட் பாணே நல்லது. புதுப் பாண் ஊறிக் கரைந்துவிடும். துண்டங்களை வெதுப்பியில் மொறுமொறுப்பாக வாட்டி, சூடு தாங்கும் கோப்பைகளில் ஊற்றிய சூப்பின்மேல் மிதக்கவிட்டு, சீஸைத் தாராளமாகத் தூவி, 220 பாகை சூட்டில் பத்து நிமிடம் வைக்க வேண்டும். ஓரங்களில் குமிழியிட்டுப் பொன்னிறப் பொருக்குக் கட்டியதும் எடுக்கலாம். கோப்பை கடுமையாகச் சுடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் தட்டின்மேல் வைத்தே கொடுக்க வேண்டும்.

மேசையில் ஐந்து கோப்பைகள் வைக்கப்பட்டன. தம்பியார் பழக்கத்தினால் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். “வந்து இருங்கோ அண்ணை” என்றோம். கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தார். பேத்தி பொருக்கைக் கரண்டியால் உடைத்து, இழுபட்ட சீஸை நாக்கிலே சுற்றிக்கொண்டு, அவரைப் பார்த்தபடி இருந்தாள். அவர் ஒரு கரண்டி எடுத்து ஊதி அருந்தினார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

“உறைப்புக் காணாது. இடிச்ச மிளகாய் கிடக்கோ?” என்று கேட்டார்.

அக்கா போத்தலை எடுத்து வந்து வைத்தார். அவர் அரைக் கரண்டி தூவிக்கொண்டு, கோப்பையின் அடி தெரியும்வரை தலை நிமிராமல் அருந்தினார். சட்டியில் எஞ்சியதை மறுநாட் காலை சூடாக்கினோம். சுவை முதல் நாளைவிட நன்றாக ஊறியிருந்தது.