“பால் நீர்த்திருக்கிறது!”

பிள்ளை பெற்ற பெண்ணைப் பற்றி வீடுகளில் வழங்கும் பேச்சுகளுள் மிகக் கொடுமையானது ஒன்று உண்டு. “இவள் பாலில் சத்தே இல்லை, வெறும் தண்ணீர்” என்பதுதான் அது. குழந்தை சற்று அதிகமாக அழுதால் போதும். கிண்ணத்தில் கொஞ்சம் பாலைப் பீச்சி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். நீலம் பாய்ந்து மெல்லியதாகத் தோன்றினால் தீர்ப்பு முடிந்தது. அன்று மாலையே பால் மாவு டப்பா வீட்டுக்குள் வந்து சேரும். புட்டிப் பாலில் வயிறு நிறைந்த குழந்தை மார்பைத் தேடுவது குறையும். அது குறையக் குறையச் சுரப்பும் குறையும். “நாங்கள் அப்போதே சொன்னோமே!” என்னும் பெருமைதான் மிச்சம்.

அந்தக் கிண்ணத்தின் சாட்சியம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது?

தாய்ப்பாலில் 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 7 கிராம் சர்க்கரையும், 1 கிராம் புரதமும், ஏறக்குறைய 4 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. சர்க்கரை அதிகம் மாறுவதில்லை. கொழுப்போ நிலையற்றது. ஆனால் குழந்தைக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதி அந்தக் கொழுப்பிலிருந்துதான் வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 71 தாய்மார்களின் பாலை 24 மணி நேரம் தொடர்ந்து ஆராய்ந்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 22 கிராம் கொழுப்பு உள்ள தாயும் இருந்தாள். 62 கிராம் உள்ளவளும் இருந்தாள். தாய்ப்பாலை மட்டுமே உண்ட அவர்களுடைய குழந்தைகளோ எல்லாம் ஆரோக்கியமானவை.

ஒருத்திக்கும் மற்றொருத்திக்கும் உள்ள வித்தியாசம் கிடக்கட்டும். ஒரே தாயிடம், ஒரே வேளையில் உண்டாகும் மாறுதல்தான் ஆச்சரியமானது. மாடு வைத்துக் கறக்கும் வீட்டாருக்கு இது புதிதல்ல. செம்பில் முதலில் விழும் பால் மெல்லியதாக இருக்கும்; மடி ஒட்டும் சமயத்தில் வருவதுதான் ஆடை கட்டும். மனித குலத்திலும் அப்படியே. குழந்தை வாய் வைத்ததும் வரும் பாலைவிட, குடித்து முடிக்கும் தறுவாயில் வரும் பாலில் கொழுப்பு இரண்டு மூன்று மடங்குகூட இருக்கலாம். பால் ஊறும் நுண்ணிய அறைகளின் சுவர்களில் கொழுப்புத் துளிகள் ஒட்டிக்கொள்கின்றன. நீர்ப்பாகம் முன்னால் வந்துவிடுகிறது. மார்பு காலியாகக் காலியாகத் துளிகள் கழன்று வருகின்றன. ஆகவே கொழுப்பின் அளவை முக்கியமாக நிர்ணயிப்பது, அந்தச் சமயத்தில் மார்பு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதே. நெடுநேரம் கொடுக்காமல் கட்டிக்கொண்டிருந்தால் முதற்பால் மேலும் நீர்க்கும்.

இப்பொழுது கிண்ணத்துக்கு வருவோம். பரீட்சை பார்க்கிறவர்கள் எப்போது பீச்சுகிறார்கள்? குழந்தை குடிக்கும் முன்பு, மார்பு நிறைந்திருக்கும் வேளையில்! இருப்பதில் மிக மெல்லிய பாலை எடுத்து வைத்துக்கொண்டு, தாய் முழுவதற்கும் அதையே அத்தாட்சியாக்குகிறார்கள். இங்கிலாந்தில் 1978-ல் லூகாஸ் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும் இதை அளக்க எளிய வழி ஒன்றை வெளியிட்டார்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் சில துளிப் பாலை எடுத்து இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால், கொழுப்பு ஒரு முனையில் ஒதுங்கும். அதன் நீளத்தை அளந்துவிடலாம். குடிக்கு முன் ஒரு குழாயும் குடித்த பின் ஒரு குழாயும் சுழற்றிப் பார்த்தால், இரண்டும் ஒரே பெண்ணின் பால் என்று எந்த மாமியாரும் நம்பமாட்டார்.

கடிகாரத்தைப் பார்த்துப் பால் கொடுக்கும் வழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. நியூஜீலந்தில் ட்ரூபி கிங் (1858–1938) என்னும் டாக்டர் பரப்பிய முறை அது. குறித்த மணிக்குத்தான் பால். ஒரு பக்கத்துக்கு இத்தனை நிமிஷம் என்று எண்ணி, குழந்தையைப் பிடுங்கி மறுபக்கம் மாற்றினால் என்ன ஆகும்? இரு பக்கமும் முதற்பாலே கிடைக்கும். வயிறு சர்க்கரை நீரால் நிரம்பும். உப்புசம், பச்சை நிறமான பேதி, ஓயாத அழுகை. 1988-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் வுல்ரிட்ஜ், பிஷர் என்ற இருவர் இதை எடுத்துக்காட்டினார்கள். ஒரு பக்கத்தைக் குழந்தை தானாக விடும் வரை குடிக்கவிடுவதே போதிய சிகிச்சை.

அளவைக் குழந்தை குடிக்கும் முறை தீர்மானிக்கிறது. ஆனால் கொழுப்பின் வகையைத் தாயின் இலை தீர்மானிக்கிறது. நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தார் 1959-ல் இதைத் தெளிவாக்கினார்கள். பால் கொடுக்கும் தாய்க்குச் சோள எண்ணெயையே கொழுப்பாகக் கொடுத்தபோது, பாலின் கொழுப்பும் சோள எண்ணெயின் ஜாடையைப் பெற்றது. கொழுப்பே இல்லாமல் மாவுப் பொருளை நிறையக் கொடுத்தால், மார்பே கொழுப்பைத் தயாரித்துக்கொண்டது. அப்போது தேங்காயெண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் போன்றவை பெருகின. ஆகாரத்தைக் குறைத்தாலோ, தாயின் உடலில் சேமித்து வைத்த கொழுப்பு பாலில் இறங்கியது.

மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அமிலத்தைப் பாருங்கள். மீன் மிகுதியாக உண்ணும் ஜப்பானியத் தாயின் பாற்கொழுப்பில் அது நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்கு. அமெரிக்கப் பெண்ணிடம் 0.2 பங்குகூட இல்லை. சைவ உணவுக்காரர்களிடமும் குறைவுதான். ஆளிவிதை எண்ணெய் இதை அதிகம் உயர்த்துவதில்லை. கடற்பாசி இனத்திலிருந்து எடுக்கும் எண்ணெய் உயர்த்துகிறது. வேண்டாத சரக்கும் இதே வழியாக வருகிறது. வனஸ்பதி போன்ற கெட்டிப்படுத்திய எண்ணெய்களில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு, கனடாவில் 1992-ல் தாய்மார்களின் பாற்கொழுப்பில் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் இருந்தது. அரசாங்கமும் ஆலைகளும் விழித்துக்கொண்ட பின், 2011-ல் 2 பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. நம் நாட்டில் எண்ணெய்களில் அதை நூற்றுக்கு 2-க்கு மேற்படாமல் வைக்கும் விதி 2022-ல் அமலுக்கு வந்தது.

ஏழைத் தாயின் பால் என்ன நிலைமை? நீலகிரியில் குன்னூரில் வளர்ந்து பிறகு ஹைதராபாத்துக்கு மாறிய போஷணை ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த பேலவாடியும் கோபாலனும் 1959-ல் இதை வெளியிட்டார்கள். அரை வயிற்றுக்கு உண்ட பெண்களின் பாலில் புரதமும் சர்க்கரையும் மற்றவர்களுக்கு இருப்பதுபோலவே இருந்தன. கொழுப்பு மட்டும் 100 மில்லி லிட்டருக்கு 3½ கிராமுக்குச் சற்றுக் கீழே நின்றது.