வக்கீலிடம் கொடுத்த பணத்துக்குக் கணக்கு உண்டு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் இருப்பவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காற்றே வந்து சொல்லிவிடும். ஆனால் தென்காசிக் கோர்ட்டில் தம் வழக்கு தாக்கலாகிவிட்டதா என்பதை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு குற்றாலத்து மூதாட்டி எவ்வாறு அறிவார்? வக்கீல் சொன்னால்தான் உண்டு.

இந்த நம்பிக்கைதான் வக்கீல் தொழிலுக்கு முதல். அதைக் கெடுப்பவரை என்ன செய்வது?

சென்னையில் நடந்த ஒரு விவகாரம் இதற்குப் பாடம். காது கேளாத எழுபது வயது முதியவரும் அவர் மனைவியும், ரூ.15,000க்கும் ரூ.5,000க்குமான இரண்டு பிராமிசரி நோட்டுகளின் பேரில் வழக்குத் தொடர ஒரு வக்கீலை நாடினர். வழக்குப் போட்டாயிற்று என்றார் அவர். வாய்தாத் தேதிகளும் சொன்னார். கடைசியில், டிக்ரியே ஆகிவிட்டது என்றார்! உண்மையில் வழக்கும் இல்லை, டிக்ரியும் இல்லை.

தமிழ்நாடு பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, அவர் 6 ஆண்டுகள் தொழில் செய்யக் கூடாதென்றது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. ‘ரங்கதுரை வழக்கு’ எனச் சட்டப் புத்தகங்களில் ஏறிய இதில், 1978-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு புதுவழி கண்டது. பாதிக்கப்பட்டவருக்கு ரூ.2,500 கொடுத்து, ஓராண்டு ஏழைகளுக்கு இலவசமாக வழக்காட உறுதி தந்தால் தண்டனையைத் தளர்த்தலாம் என்றார் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். மூன்று நீதிபதிகளில் ஒருவர் இதற்கு இசையவில்லை.

நோட்டுகளின் தொகை ரூ.20,000, கொடுக்கச் சொன்னது ரூ.2,500. ஒழுங்கு நடவடிக்கை வக்கீலைத் தண்டிக்குமே தவிர, போன பணத்தை முழுவதும் மீட்டுத் தந்துவிடாது. வக்கீல் மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதென்று 2024-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. எனவே முன்கூட்டியே விழிப்பாக இருப்பதே நல்லது.

விதிகள் கட்சிக்காரர் பக்கமே நிற்கின்றன. கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும். அவருக்காகப் பணம் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். கேட்டால் கணக்கின் நகல் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தைத் தமக்குக் கடனாக மாற்றிக்கொள்ளக் கூடாது. வழக்கில் கிடைப்பதில் பங்கு பேசவும் கூடாது.

மீறினால், 1961-ம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி, சென்னையிலுள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். கண்டனம், தற்காலிகத் தடை, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு. புகார் ஓராண்டுக்குள் முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும்.

வசதியற்றவர்கள் கலங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பணம் கொடுத்தால் ரசீது கேளுங்கள். வழக்கு எண்ணைக் கேளுங்கள். அதைக் கோர்ட்டுகளின் இணையதளத்தில் பேரனோ பேத்தியோ பார்த்துச் சொல்லிவிடலாம். பிராமிசரி நோட்டுக்குக் கெடு பொதுவாக 3 ஆண்டுகள்தான் என்பதையும் மறவாதீர்கள்.

கேட்பதில் வெட்கம் வேண்டாம். நேர்மையான வக்கீல் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.