பேக்டரி இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம்

பவர் பிரஸ் ஓடும் பட்டறைக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பார்ப்போம். பிரஸ்ஸின் முன்னால் இடமும் வலமுமாக இரண்டு பட்டன்கள். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் மேலிருக்கும் ராம் என்ற அழுத்தும் பாகம் கீழே இறங்கும். கைகள் இரண்டும் பட்டனில் இருப்பதால் டை என்ற அச்சுக்குள் விரல் போக வழியில்லை. உருப்படி கூடுதலாக வரட்டும் என்று சில இடங்களில் ஒரு பட்டனை அழுத்தி வைத்தபடியே டேப் சுற்றிவிடுகிறார்கள். அப்புறம் ஒரு கை பட்டனில், மறு கை டைக்குள். இதைத் தினமும் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவர் அரசாங்கத்திடம் சொல்ல ஒரு வழி இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் இதற்கான துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தொழிலாளர் பேச்சில் இன்றும் அது ‘பேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்’தான். விரல் போன பிறகு கிடைக்கும் உதவித்தொகை ஈ.எஸ்.ஐ. பக்கத்து விஷயம். இங்கே வர வேண்டியது விரல் இருக்கும்போதே.

அநேகமாக எல்லோரும் தடுக்கி விழுவது அடுத்த படியில்தான். புகார் என்றதும் வழக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். ஆதாரம் வேண்டும், சாட்சி வேண்டும், எந்தச் சட்டப்பிரிவு என்று தெரிய வேண்டும், கடைசியில் முதலாளிக்கு எதிரே போய் நிற்க வேண்டும் என்ற பயம். தெருவில் மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்துக்குப் போன் போடுகிறோம். ஏன் அறுந்தது, யார் பொறுப்பு என்று நம்மை யாரும் குடைவதில்லை. கம்பத்தின் எண்ணைக் கேட்பார்கள், சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். இந்தப் புகாரும் அப்படித்தான். உள்ளே நுழைந்து பார்ப்பது, அளப்பது, படம் எடுப்பது, பதிவேட்டைப் புரட்டுவது, விசாரிப்பது எல்லாம் ஆய்வாளரின் வேலை, அவருக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம். வழக்கு என்று வந்தாலும் தொடுப்பது அவர்கள்தான்.

ஆகவே கடிதத்தில் இருக்க வேண்டியது கம்பத்தின் எண்தான். “பாதுகாப்பு சரியில்லை” என்று எழுதினால் ஆய்வாளர் எங்கே போய்த் தேடுவார்? “மூன்றாவது ஷெட், கதவோரம் உள்ள பிரஸ், இடது பட்டனில் டேப், நைட் ஷிப்டில் மட்டும்” என்று எழுதினால் எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரிந்துவிடும்.

பெயர் வெளியே போகாதா? சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கை 1947இல் வந்தது. இந்தியா அதை 1949இல் ஏற்றது. புகார் யாரிடமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைக்க வேண்டும், புகாரின் பேரில்தான் வந்தேன் என்று நிர்வாகத்திடம் ஜாடை காட்டவும் கூடாது என்கிறது அது. நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் இது 118ஏ பிரிவாக ஏறியது போபால் விபத்துக்குப் பிறகு, 1987 திருத்தத்தில். ஏற்று ஒப்பமிட்டதற்கும் எழுதிச் சேர்த்ததற்கும் நடுவே முப்பத்தெட்டு ஆண்டுகள்! எனவே மொட்டைக் கடிதம் தேவையில்லை. பெயர் இருந்தால் சந்தேகம் கேட்க ஆள் இருக்கும். ஆனால் கொஞ்சம் பேரே வேலை செய்யும் பட்டறையில் எழுதியது யார் என்று ஊகிக்க எந்த ரகசியமும் தடையில்லை. அங்கே சங்கத்தின் வழியாகப் போவதும், ஒரே பிரஸ்ஸைச் சொல்லாமல் ஷெட்டில் உள்ள மற்ற குறைகளையும் சேர்த்து எழுதுவதும் நல்லது.

1948ஆம் ஆண்டின் அந்தத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில், 2020இல் இயற்றிய பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 14ஆம் பிரிவுப்படி, குறையை முதலில் நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஆய்வாளரிடம் போகலாம். வாயால் சொல்லிவிட்டு வராமல் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்வோம். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று அஞ்ச நியாயம் இருந்தால் இந்தக் காத்திருப்பு கிடையாது. இருவருக்கும் ஒரே நேரத்தில் சொல்லலாம். “ஆபத்தெல்லாம் ஒன்றுமில்லை” என்று நிர்வாகம் நினைத்தாலும் விஷயத்தைத் தன் மேசையிலேயே முடித்துவிட முடியாது, ஆய்வாளருக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஆபத்து உண்டா இல்லையா என்பதில் அவர் முடிவே இறுதி. முன்பு இந்த வசதி அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளுக்கு மட்டும் இருந்தது.

கடிதம் போய் மாதங்கள் ஆகியும் பேச்சு மூச்சு இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த ஆலையில் கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். புகாருக்கு உள்ள ரகசியம் இந்த மனுவுக்கு இல்லை, ஆகவே இதில் மட்டும் உங்கள் பெயர் வேண்டாம். ஆலைக்குச் சம்பந்தமில்லாத நண்பர் யாராவது கையெழுத்துப் போடட்டும்.