நிலத்தடியில் புகையும் நெருப்பு

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது. கலவரமோ வெள்ளமோ காரணமல்ல, புகைமூட்டம்தான். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. 100ஐத் தாண்டினாலே உடல்நலத்திற்குக் கேடு, 300க்கு மேல் அபாயம் என்பது சுற்றுச்சூழல் துறையின் கணக்கு. பள்ளிகள் மூடப்பட்டன. 13ஆம் தேதி அவசரநிலை மீட்டுக்கொள்ளப்பட்டது.

அந்தப் புகையின் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வந்தது. ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் தென்மேற்குக் காற்று அதை நீரிணை தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனால், அண்டை நாட்டை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அங்கே எரிவது போன்ற நிலம் இங்கேயும் உண்டு. பத்தாங் காலிக்கு மேற்கே, பெஸ்தாரி ஜெயா பக்கமுள்ள ராஜா மூசா வனக் காப்பகம் அத்தகைய சதுப்பு நிலமே.

இலையும் வேரும் மரக்கட்டையும் நீரில் ஊறி, முழுதும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த மண் அது. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அந்த மண்ணே விறகாகிவிடுகிறது. அதில் பற்றிய தீ பெரும்பாலும் கொழுந்துவிட்டு எரிவதில்லை. அடியில் கனன்றபடி பரவுகிறது. மேலே பீய்ச்சும் நீர் ஆழத்திற்கு எட்டுவது கடினம். போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரிவதால்தான் அவ்வளவு புகை. ராஜா மூசாவில் 2008 முதல் கால்வாய்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மரங்கள் நடும் பணி தொடங்கியது. தீயணைப்பு வண்டியை நம்பியிருப்பதைவிட இதுவே சரியான வைத்தியம்.

வாகனங்கள், ஆலைகள், வீட்டுப் பின்புறத்தில் கொளுத்தும் குப்பை ஆகியவையும் காற்றைக் கெடுக்கின்றன. தோட்டங்களில் மறுநடவுக்காக மரங்களை வீழ்த்திக் கொளுத்துவது ஒரு காலத்தில் வழக்கம். பிறகு செம்பனை மரங்களைத் துண்டாக்கி நிலத்திலேயே மக்கவிடும் முறை வந்தது. குப்பை கொளுத்தும் பழக்கம்தான் சட்டம் தடுத்தும் விட்டபாடில்லை.

புகையில் கண்ணை எரிக்கும் பகுதியைவிட, கண்ணுக்குத் தெரியாத பகுதியே கொடியது. 2.5 மைக்ரோனுக்கும் குறைந்த நுண்துகள்கள், அதாவது தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கானவை, நுரையீரலின் கடைசி அறை வரை சென்று இரத்தத்திலும் கலக்கின்றன. ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களை இவை முதலில் தாக்கும். 2005இல் குறியீடு 10 மைக்ரோன் வரையிலான துகள்களையே கணக்கிட்டது; இந்த நுண்துகள்கள் அதில் தனியாகச் சேர்க்கப்பட்டது 2018இல்தான்.

புகை நாளில் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவோர் உண்டு. நுண்துகளுக்கு அது தடையல்ல. என்95 முகக்கவசம் தடுக்கும். ஆனால், ஓரத்தில் இடைவெளி இருந்தால் அதுவும் பயன்படாது.