உம் கொட்டுகிறவர்

டீ ஆறட்டும், அவசரமில்லை. ஓசூர் சிப்காட் பக்கம் மதியம் ஷிப்ட் விடும் நேரம். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். சட்டைப் பையில், வியர்வையில் ஓரம் சுருண்ட ஒரு குட்டி நோட்டு. டீக்கடை அம்மாவிடம் “மரியே வாழ்க” என்கிறார். பக்கத்தில் நிற்பவரைத் தெலுங்கில் நலம் விசாரிக்கிறார். சோர்ந்துபோய் வரும் ஜார்க்கண்ட் பையனைப் பார்த்து, “ஜெய் யேசு!” அவருக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். பையன் சிரித்துவிடுகிறான்.

இவர் பங்குக் கோயில் உபதேசியார். யார் என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் “அரைச் சாமியார்” என்பார்கள். டாக்டருக்கு ஒரு கம்பவுண்டர் போல, சாமியாருக்கு இவர் என்று நினைப்பு. நாம் எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டாக்டர் ஊரில் இல்லாவிட்டால் கம்பவுண்டரே ஊசி போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறோம். இங்கே அது நடக்காது. சாமியார் ஒரு மாதம் வராவிட்டாலும் உபதேசியார் பூசை வைக்க முடியாது, பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது. சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் அந்த அவசரத்தில் நீங்களும் நானும்கூடக் கொடுக்கலாம். தண்ணீர், அதற்குரிய வார்த்தைகள், திருச்சபை செய்வதைச் செய்கிறோம் என்ற எண்ணம், இவை போதும். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆக, இவரிடம் பாதி அதிகாரம் என்று ஒன்றும் கிடையாது. மனைவி, பேரப்பிள்ளைகள், ரேஷன் கார்டு எல்லாம் உள்ள குடும்பஸ்தர்.

பிறகு என்னதான் வேலை? பழைய பெயர்களைப் பார்த்தால் பிடிபடும். 1540களில் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், ஊர் ஊராகக் கோயில் காரியங்களைக் கவனிக்க ஆள் வைத்தார். அவர்களுக்குப் பெயர் கணக்கப்பிள்ளை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ‘வேதியர்’ என்றார். அவர்களுக்காகவே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதால் உபதேசியார். ஐரோப்பிய மொழிகளில் ‘கேட்டகிஸ்ட்’. அந்தக் கிரேக்க வேர்ச்சொல்லுக்கு எதிரொலிக்கச் செய்வது என்று பொருள். கிருஷ்ணகிரிப் பாறைகளுக்கு நடுவே நின்று கூப்பிட்டால் குரல் திரும்பி வருமே, அதுபோல.

இந்தப் பகுதியில் அந்த வேலை கொஞ்சம் கூடுதல். சேலத்திலிருந்து பிரிந்து 1997இல் தருமபுரி மறைமாவட்டம் வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் அதற்குள்தான். எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும், இப்போது இந்தியும் சேர்ந்தாயிற்று. சாமியார் சில வருடங்களில் மாற்றலாகிப் போய்விடுவார். யார் படுக்கையில் இருக்கிறார், யார் எந்தக் கோபத்தில் கோயிலுக்கு வருவதை நிறுத்தினார் என்பதெல்லாம் அந்தக் குட்டி நோட்டில் இருக்கும்.

சாமியாரே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பப்புவா நியூ கினியாவில் ஓர் உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை குருக்களைச் சிறை வைத்தபோது, பீட்டர் டோ ரோட் என்ற உபதேசியார்தான் சபையைக் கட்டிக்காத்தார். மனைவி, பிள்ளைகள் உள்ளவர். 1945இல் கொல்லப்பட்டார்; 2025 அக்டோபரில் புனிதர் பட்டம் கிடைத்தது. 2021இல் போப் பிரான்சிஸ் உபதேசியார் பணியை முறைப்படியான திருப்பணியாகவே அறிவித்தார். பெரியவரிடம் இதைச் சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு அவருக்குச் சைக்கிள் பஞ்சர்.

கவலை இல்லாத மனுஷன், அதான் சிரிக்கிறார் என்பார்கள். ஒருநாள் நோட்டைப் புரட்டிக் காட்டினார். டயாலிசிஸ் போகும் நாள், துக்க வீடு, வேலை போன பையன், மறுபடி துக்க வீடு. கல்யாணத்துக்கு இரண்டே பக்கம்.

“இத்தனை வீட்டுக்கும் போய் என்னதான் பேசுவீங்க, ஐயா?”

“நான் எங்கப்பா பேசுறேன்? அவங்க பேசுவாங்க. நான் உம் கொட்டுவேன். கெளம்புறப்ப பாத்தா அவங்களே எனக்கு ஆறுதல் சொல்லி, காப்பி குடுத்து அனுப்புவாங்க.” சொல்லிவிட்டு, பொக்கை வாய் தெரியச் சிரித்தார்.

டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். அதற்குள் ஜார்க்கண்ட் பையன் சைக்கிளைத் திருப்பி நிறுத்தியிருந்தான்.